கல்லூரிக்குப் புதிதாக வந்திருக்கிறீர்களா? உங்களை உங்களிடமே ஒளிக்காமல் இருக்க ஒரு வழிகாட்டி

எந்த ஸ்கூல்? எந்த மீடியம்? அப்பா என்ன பண்றார்? கல்லூரி திறக்கிற மாதத்தில் எந்த விடுதிக்குப் போனாலும் இந்த மூன்று கேள்விகளும் காதில் விழும். கேட்கிறவர் பெரும்பாலும் சும்மாதான் கேட்கிறார், பேச்சை ஆரம்பிக்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை. ஆனால் அரசுப் பள்ளியில் தமிழில் படித்து, வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரிப் படியேறிய பிள்ளைக்கு இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் தொண்டை அடைத்துக்கொள்ளும். அப்படி அடைத்துக்கொள்கிறவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

நான் முதலாம் ஆண்டு மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறவன். தன்னம்பிக்கைப் பேச்சாளர்களைக் கல்லூரிக்கு அழைத்து வருகிறோம், பிள்ளைகளும் கைதட்டுகிறார்கள். மறுநாள் அதே பிள்ளைகள் அதே கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். பேச்சாளர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. 'நீ சிங்கம், நீ புலி' என்று கேட்பதால் யாருக்கும் ஓர் இடம் சொந்தமாகிவிடாது என்பதுதான் விஷயம். நான் பார்த்தவரை, 'இது என் இடமும்தான்' என்ற நினைப்பு ஒரே வழியில்தான் வருகிறது: எதையெல்லாம் ஒளித்துக்கொண்டு திரிகிறோமோ, அதை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கிவைப்பது. அதற்கு ஒரு செமஸ்டர் ஆகலாம், இரண்டும் ஆகலாம். கீழே இருப்பதை வரிசையாகச் செய்தால் நல்லது. நான்காவதிலிருந்து ஆரம்பித்தாலும் குடி முழுகிப் போகாது.

1. எதை ஒளிக்கிறீர்கள் என்று எழுதிப் பாருங்கள்

ஒரு தாளை எடுத்து, நெடுக்காகக் கோடு போட்டு மூன்று பத்தி பிரியுங்கள். முதல் பத்தியில் எதை ஒளிக்கிறேன், இரண்டாவதில் யாரிடம், மூன்றாவதில் அதற்காக என்னவெல்லாம் செய்கிறேன். எழுதி முடித்ததும் கிழித்துப்போடலாம், யாருக்கும் காட்ட வேண்டியதில்லை.

முதல் இரண்டு பத்தியும் சீக்கிரம் நிரம்பிவிடும். மூன்றாவதில்தான் நின்று நிதானமாக எழுத வேண்டும். எங்கள் மாணவி ஒருத்தி, அம்மாவிடம் போன் பேச ஒவ்வொரு நாளும் மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நிற்பாள். ஊர்ப் பேச்சு அறைத் தோழிகள் காதில் விழுந்துவிடக் கூடாது என்பதற்காக. மழை பெய்தால் போன் கிடையாது. அம்மா கேட்டால் 'டவர் இல்லம்மா.' இன்னொரு பையன் கேன்டீனுக்குக் கூப்பிட்டால் எப்போதும் 'பசிக்கல மச்சான்' என்பான். அப்பா லோடு ஏற்றும் வேலை பார்ப்பதை 'டிரான்ஸ்போர்ட் பிசினஸ்' என்று ஒரு முறை சொல்லிவிட்டு, 'எத்தனை லாரி?' என்று எதிர்க்கேள்வி வந்ததிலிருந்து அந்த நண்பனையே பார்க்காமல் ஒதுங்கிப் போனவனும் உண்டு. எல்லோரும் சிரித்து முடித்த பிறகு, ஜோக் புரியாமலேயே அரை நொடி தாமதமாகச் சிரிப்பது இன்னொரு வகை. அதைக் கவனித்துப் பாருங்கள், நிறையப் பேர் செய்கிறார்கள்.

மூன்றாவது பத்தியை மறுபடி படியுங்கள். ஒரு நாளில் இதற்கு எவ்வளவு நேரமும் எவ்வளவு மூளையும் போகிறது என்று தெரியும். படிப்பில் கவனம் நிற்கவில்லை என்று வந்து சொல்கிறவர்களில் பலருக்கும் கவனம் இருக்கத்தான் செய்கிறது. அது இங்கே செலவாகிக்கொண்டிருக்கிறது.

ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒளிப்பது எல்லாமே வெட்கத்தால் அல்ல. வீட்டுக் கடன், அக்காவின் விவாகரத்து, சாதி இவற்றையெல்லாம் கேட்கிற எல்லோரிடமும் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. 'இது தெரிந்தால் எனக்கு நிஜமாகவே கெடுதல் வருமா, முகம் மட்டும்தான் சிவக்குமா?' என்று ஒவ்வொரு வரிக்கும் கேளுங்கள். கெடுதல் வரும் என்றால் அது உங்கள் பாதுகாப்பு, அப்படியே இருக்கட்டும். முகம் மட்டும்தான் சிவக்கும் என்றால் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். இனி வேலை அந்தப் புள்ளிகளில்தான்.

2. எத்தனை பேர் உங்களைப் பார்க்கிறார்கள்?

நாம் நினைப்பதில் பாதிப் பேர்தான். இதை ஓர் ஆய்விலேயே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் அவருடைய சகாக்களும் மாணவர்களுக்குக் கூச்சம் தரும் படம் போட்ட டி-சர்ட்டை மாட்டிவிட்டு, மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். வெளியே வந்ததும், எத்தனை பேர் சட்டையைக் கவனித்திருப்பார்கள் என்று கேட்டார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் என்றார்கள் போட்டிருந்தவர்கள். அறையில் இருந்தவர்களைக் கேட்டால், கால்வாசிப் பேருக்குத்தான் அது என்ன படம் என்று சொல்லத் தெரிந்தது. 2000-ல் வெளியான ஆய்வு இது.

இதை உங்கள் வகுப்பிலேயே சோதிக்கலாம். போன வாரம் செமினார் எடுத்தவர்கள் யார் யார், அவர்கள் எங்கே தடுமாறினார்கள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். யார் எடுத்தார்கள் என்பதே சரியாக நினைவிருக்காது. உங்கள் தடுமாற்றமும் அவர்களுக்கு அப்படித்தான். நீங்கள் பேசும்போது அவர்களில் பாதிப் பேர் அடுத்து தங்கள் முறை வருகிறதே என்று பயந்துகொண்டிருந்தார்கள், மீதிப் பேர் மேசைக்கு அடியில் போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

3. உள்ளே திட்டிக்கொண்டிருப்பது யார்?

'உனக்கெல்லாம் எதுக்குடா இந்தக் காலேஜ்?' என்று உள்ளே ஒரு குரல் கேட்கிறது. பலர் அதைத் தங்கள் மனசாட்சி என்று நினைத்துக்கொள்கிறார்கள். கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டால் அடையாளம் தெரிந்துவிடும். எட்டாம் வகுப்பில் நோட்டைத் தூக்கி எறிந்த கணக்கு வாத்தியாராக இருக்கும், இல்லையென்றால் கல்யாண வீட்டில் வைத்து மார்க் கேட்ட பெரியப்பாவாக இருக்கும். 'நாலு பேர் என்ன சொல்லுவாங்க' என்று ஊரில் சொல்வார்களே, அந்த நாலு பேர் உங்கள் விஷயத்தில் யார் யார் என்று பெயரோடு எழுதுங்கள். மூன்றாவது பெயருக்கே யோசிக்க வேண்டியிருக்கும். எழுதிய பெயர்களில் ஒருவராவது இப்போது உங்களை நினைத்துக்கொண்டிருப்பாரா என்று பாருங்கள்.

குரல் யாருடையது என்று தெரிந்துவிட்டது என்பதற்காக அது வாயை மூடிக்கொள்ளாது. அதனோடு மல்லுக்கட்டவும் வேண்டாம். கண்ணாடி முன்னால் நின்று 'நான் அற்புதமானவன், எல்லோரும் என்னை விரும்புகிறார்கள்' என்று சொல்லச் சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. ஜோஆன் வுட் என்ற கனடா நாட்டு உளவியலாளரின் குழு 2009-ல் இதைச் சோதித்துப் பார்த்தது. தன்னைப் பற்றி ஏற்கெனவே தாழ்வாக நினைப்பவர்கள் 'நான் அன்புக்குரியவன்' என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது அவர்கள் மனநிலை இன்னும் மோசமானது. ஏற்கெனவே தெம்பாக இருந்தவர்களுக்குக் கொஞ்சம் நல்லது நடந்தது. இல்லாத காசுக்குச் செக் எழுதினால் பவுன்ஸ் ஆகத்தானே செய்யும்.

அதற்குப் பதில், நிஜமான சின்ன வாக்கியங்களைச் சொல்லுங்கள். 'இன்னைக்கு நடத்தினது பாதி புரியல. முதல் பகுதி புரிஞ்சுது. மீதியை ராத்திரி இன்னொரு தடவை பார்க்கணும்.' இதில் புகழ்ச்சியும் இல்லை, திட்டும் இல்லை. உள்ளே இருக்கும் குரலால் இதை மறுத்துப் பேச முடியாது.

கிறிஸ்டின் நெஃப் என்ற உளவியலாளர் 2003-லிருந்து தன்மேல் காட்டும் பரிவைப் பற்றி எழுதிவருகிறார். அதில் மூன்று பகுதி உண்டு என்கிறார்: வலிக்கிறது என்பதை மிகைப்படுத்தாமல் ஒத்துக்கொள்வது, இது எனக்கு மட்டும் நடப்பதல்ல என்று நினைவில் வைப்பது, நண்பனிடம் பேசும் தொனியில் தன்னிடமும் பேசுவது. மூன்றாவதுதான் நம்மவர்களுக்குக் கஷ்டம். தனக்குத்தானே இதமாகப் பேசுவது கூச்சமாக இருக்கிறது. அதற்கு ஓர் உபாயம் உண்டு. 'நான்' என்பதை விட்டுவிட்டு உங்கள் பெயரைச் சொல்லியே பேசுங்கள், ஊரில் உங்களைக் கூப்பிடும் செல்லப் பெயராக இருந்தால் இன்னும் நல்லது. ஈதன் கிராஸ் என்ற உளவியலாளரின் குழு 2014-ல் வெளியிட்ட சோதனைகளில், மேடைப் பேச்சுக்கு முன்னால் தங்கள் பெயரைச் சொல்லித் தங்களிடம் பேசிக்கொண்டவர்கள் 'நான், நான்' என்று யோசித்தவர்களைவிடக் குறைவாகப் பதறினார்கள். உங்கள் ஊர்ப் பேச்சிலேயே பேசுங்கள். நெல்லைக்காரர் என்றால் 'ஏல, இதுக்குப் போயி ஏம்ல கலங்குத?' என்று கேட்டுக்கொள்ளலாம். செந்தமிழில் ஆறுதல் சொல்லிக்கொண்டால் சிரிப்புதான் வரும்.

4. இங்கிலீஷ்

எங்கள் கல்லூரியில் தாழ்வு மனப்பான்மை என்று வருகிற பத்துப் பிரச்சினையைக் கிளறினால் எட்டில் அடியில் இதுதான் கிடக்கிறது. அதனால் இதற்குக் கொஞ்சம் கூடுதல் இடம்.

முதலில் ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலம் தேவை. பாடப்புத்தகம், தேர்வு, வேலைக்கான நேர்முகம் எல்லாம் அதில்தான். 'தாய்மொழி இருக்க ஆங்கிலம் எதற்கு' என்று மேடையில் பேசுகிறவர்களின் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று நீங்களும் பார்த்திருப்பீர்கள். கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் தெரியாததை ஒளித்துக்கொண்டு கற்க முடியாது. வாயைத் திறந்து தப்பாகப் பேசினால்தான் மொழி வரும், ஒளிக்கிறவன் வாயைத் திறக்க மாட்டான். இந்தச் சிக்கலில்தான் இரண்டு வருடம் போய்விடுகிறது.

முதல் மாதத்தில் செய்ய வேண்டியது ஒரு நோட்டு. 80 பக்க நோட்டு போதும். இடப்பக்கம் பள்ளியில் படித்த சொல், வலப்பக்கம் இங்கே வகுப்பில் சொல்லும் சொல். திசைவேகம் - வெலாசிட்டி. முடுக்கம் - ஆக்ஸிலரேஷன். நிலைமம் - இனர்ஷியா. வகையிடல் - டிஃபரன்ஷியேஷன். தொகையிடல் - இன்டக்ரேஷன். அணி - மேட்ரிக்ஸ். வலப்பக்கத்தை வகுப்பில் ஆங்கில எழுத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். இந்த நோட்டைப் போட்ட பிள்ளைகள் இரண்டு வாரத்தில் வந்து 'சார், இதெல்லாம் எங்களுக்குத் தெரியும் சார்' என்பார்கள். ஆமாம், தெரியும். பன்னிரண்டாம் வகுப்பில் தொகையிடலில் முழு மதிப்பெண் வாங்கியவர், 'இன்டக்ரல்' என்று பலகையில் எழுதியதும் தனக்குக் கணக்கே வராது என்று முடிவுகட்டி உட்கார்ந்திருப்பதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

இரண்டாவது, ஒரு வாக்கியத்தைப் பழக்கிக்கொள்ளுங்கள்: 'சார், தமிழ்ல கேக்கலாமா?' வகுப்பில் கேட்கத் தயக்கம் என்றால் வகுப்பு முடிந்து ஆசிரியர் டஸ்டரைக் கீழே வைக்கும்போது கேளுங்கள். சிடுசிடுக்கிறவர்களும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பெரும்பாலான ஆசிரியர்கள், யாரும் எதுவும் கேட்பதில்லையே என்ற ஏக்கத்தில் இருக்கிறவர்கள். தமிழில் கேட்டால் என்ன, தெலுங்கில் கேட்டால் என்ன, கேள்வி வந்தால் போதும் என்றிருக்கும். நீங்கள் கேட்ட அடுத்த வாரம், அதே பெஞ்சிலிருந்து இன்னொரு கை உயரும். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, உச்சரிப்புக்காகச் சிரிக்கிறவர்களைப் பற்றி. சிரிப்பார்கள். 'பீட்டர் விடுறான்' என்று ஆங்கிலம் பேசினாலும் சிரிப்பார்கள், பேசாவிட்டாலும் சிரிப்பார்கள். தப்பாகச் சொன்னதை யாராவது திருத்தினால் 'தேங்க்ஸ், இன்னொரு தடவை சொல்லு' என்று சொல்லி அங்கேயே திருப்பிச் சொல்லுங்கள். ஒளிக்கவில்லை என்று தெரிந்த பிறகு கிண்டல் செய்வதில் சுவாரஸ்யம் போய்விடும்.

5. சீனியர்களிடம் முதல் செமஸ்டரைப் பற்றிக் கேளுங்கள்

'எனக்கு இங்கே இடமில்லை' என்ற நினைப்பு வந்ததும் அதை நம் தனிப்பட்ட குறைக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறோம். பொதுவாகப் புதிதாக வருகிற எல்லோருக்கும் வருவது அது. கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் முதலாம் ஆண்டு மாணவர்களிடம் சுமார் ஒரு மணி நேரப் பயிற்சி ஒன்றைச் செய்தார்கள். மேல் வகுப்பு மாணவர்கள் சொன்னவற்றைப் படிக்கக் கொடுத்தார்கள்: எங்களுக்கும் முதல் வருடம் அந்நியமாகத்தான் இருந்தது, பிறகு சரியானது. படித்தவர்கள் தங்கள் அனுபவத்தை அதோடு சேர்த்து, அடுத்து வரப்போகும் மாணவர்களுக்காக எழுதினார்கள். அவ்வளவுதான். அதன் பிறகு மூன்று ஆண்டுகளில் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்து, வெள்ளை மாணவர்களுக்கும் அவர்களுக்கும் இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்தது. 2011-ல் வந்த ஆய்வு.

நம் ஊரில் இதற்குப் பயிற்சியாளர் தேவையில்லை. உங்கள் மாவட்டத்துக்காரர், உங்களைப் போலவே தமிழ் மீடியத்தில் படித்து வந்த மூன்றாம் ஆண்டு அண்ணனோ அக்காவோ யாராவது இருப்பார். மெஸ் வரிசையில் நிற்கும்போது கேளுங்கள். 'எப்படிப் படிக்கணும்க்கா?' என்று கேட்டால் டிப்ஸ்தான் வரும். 'ஃபர்ஸ்ட் செம்ல உங்களுக்கு எப்படி இருந்துச்சுக்கா?' என்று கேளுங்கள். கதை வரும். அழுதது, பெட்டியைக் கட்டியது, அரியர் வைத்தது எல்லாம் வரும். மூன்று பேரிடம் கேட்டுவிட்டு, கேட்டதையும் உங்களுடையதையும் சேர்த்து, அடுத்த வருடம் இதே அறைக்கு வரப்போகும் பிள்ளைக்கு ஒரு பக்கக் கடிதமாக எழுதிவையுங்கள். எழுதும்போதே பாதி பாரம் இறங்கிவிடும்.

சான்றிதழ் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை தமிழ்நாட்டில் 2010-11 கல்வியாண்டிலிருந்து இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2020-ல் மருத்துவத்துக்கும், 2021-ல் பொறியியல் முதலான படிப்புகளுக்கும் வந்தது. இவற்றில் வந்த பிள்ளைகள் அலுவலகத்தில் அந்தத் தாளை நீட்டும்போது நான்காக மடித்துத்தான் நீட்டுகிறார்கள். நீங்கள் மட்டும்தான் அந்தக் கவுன்ட்டரில் நிற்கிறீர்களா என்று ஒரு முறை வரிசையைத் திரும்பிப் பாருங்கள். 'கோட்டாவுல வந்தவன்' என்று யாராவது சொன்னால், ஆமாம் என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போகலாம். ஒதுக்கீடு உள்ளே வருவதற்குத்தான். உள்ளே எழுதுகிற செமஸ்டர் தேர்வின் வினாத்தாள் எல்லோருக்கும் ஒன்றுதான்.

6. ஓர் ஆளிடம் ஒரு வரி

முதல் படியில் புள்ளி வைத்தீர்களே, அவற்றில் மிகச் சிறியதை எடுங்கள். அதை ஒரே ஓர் ஆளிடம் சொல்லப்போகிறோம்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் கூடாது. கலகலப்பாக இருப்பவர் நல்ல தேர்வாக இருக்க வேண்டும் என்பதில்லை. அடுத்தவர் விஷயத்தை உங்களிடம் சொல்லாதவரா என்று பாருங்கள். தன்னைப் பற்றிச் சின்னதாக ஏதாவது உங்களிடம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறாரா என்றும் பாருங்கள். இரண்டும் இருந்தால் போதும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, மொட்டை மாடியில், கண்ணீரோடு எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்ட வேண்டாம். மறுநாள் காலையில் ஏன் சொன்னோம் என்று தவிப்பீர்கள். பகலில், நடந்துகொண்டிருக்கும்போது, வேறு பேச்சுக்கு நடுவே சொல்லுங்கள். 'கேன்டீன்ல தினமும் சாப்பிட எனக்குக் கட்டாதுடா. வாரம் ஒரு நாள் வரேன்.' இவ்வளவுதான்.

பெரும்பாலும் எதிரில் இருப்பவர் 'சரிடா' என்று சொல்லிவிட்டு மேட்ச் ஸ்கோரைப் பற்றிப் பேசப் போய்விடுவார். அந்த அலட்சியம் நல்ல மருந்து. மாதக்கணக்கில் காவல் காத்த ரகசியத்துக்கு வெளியே இவ்வளவுதான் மதிப்பு என்று அப்போதுதான் தெரியும். சில சமயம் அவரும் ஒன்றைச் சொல்வார். சில சமயம் சொன்னது வெளியே போய்விடும். அதற்காகத்தான் சிறியதில் ஆரம்பிக்கச் சொன்னேன்.

அந்தத் தண்ணீர்த் தொட்டி மாணவி இப்போது கட்டிலில் உட்கார்ந்தே அம்மாவிடம் பேசுகிறாள். அறைத் தோழிகளில் ஒருத்தி அம்மாவிடம் எள்ளுப்பொடி செய்முறை கேட்டு வாங்கியிருக்கிறாள்.

7. ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்

நம்மால் ஒரு காரியம் நடக்கிறது என்னும்போது அந்த இடத்தில் கால் ஊன்றுகிறது. மெஸ் கமிட்டி, என்.எஸ்.எஸ்., நூலகத்தில் புத்தகம் அடுக்குவது, துறை விழாவுக்கு நாற்காலி போடுவது எதுவானாலும் சரி. பேச வேண்டிய வேலையைவிடக் கை வேலை முதலில் நல்லது. வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டவர்களுக்கும், வயலிலோ கடையிலோ நின்றவர்களுக்கும் இந்த மாதிரி வேலையில் ஒரு தேர்ச்சி இருக்கும். நூறு பேருக்குச் சாப்பாடு பரிமாற ஆளை எப்படிப் பிரித்து நிறுத்துவது என்று நகரத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். சீனியரோ வார்டனோ கூப்பிடுவார்கள் என்று காத்திருக்காமல் நீங்களே போய்க் கேளுங்கள்.

கூடவே, தூங்குங்கள், காலையில் சாப்பிடுங்கள். இதைப் பற்றி அம்மா ஏற்கெனவே தினமும் சொல்லிக்கொண்டிருப்பார்.

8. ஊருக்குப் போகும்போது

இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊருக்குப் போவீர்கள். மூன்று மாதமாக ஏங்கிய வீடு, ஆனால் ஏதோ ஒட்டாது. சேக்காளிகள் பாலத்தில் உட்கார்ந்து பேசுவதில் பாதி உங்களுக்குத் தெரியாத கதையாக இருக்கும். வாய் தவறி ஓர் ஆங்கிலச் சொல் வந்தால் 'தொர வந்துட்டாரு' என்பார்கள். அங்கே பட்டிக்காட்டான், இங்கே துரை. அன்றைக்கு ராத்திரி வருகிற தனிமை விடுதியில் வருவதைவிட மோசமாக இருக்கும்.

இது நீங்கள் ஏதோ துரோகம் செய்ததால் அல்ல. புதுக் காற்றுக்குப் பழகுகிறவருக்குப் பழையதும் கொஞ்சநாள் மூச்சு முட்டத்தான் செய்யும். ஊரில் இருக்கும்போது கல்லூரிக் கதையை மறைத்து, கல்லூரியில் இருக்கும்போது ஊர்க் கதையை மறைத்தால் இரண்டு இடத்திலும் பாதி ஆளாகத்தான் நிற்பீர்கள். ஒன்றை மற்றொன்றுக்குக் கொண்டுபோங்கள். ஆய்வகத்தில் எடுத்த போட்டோவை அப்பாவிடம் காட்டி இந்த மெஷின் என்ன செய்யும் என்று சொல்லுங்கள். அவர் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவராக இருந்தால் உங்களுக்கே தெரியாத ஒன்றைக் கேட்பார். பெற்றோரை அழைத்துவரச் சொல்லும் நாளில் 'அவங்களால வர முடியாது சார்' என்று முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். ஒரு நாள் கூலி போகும் என்பது நிஜமான காரணம், அதை மதிக்கிறேன். ஆனால் அப்பா லுங்கியோடு வந்துவிடுவாரோ என்ற பயம்தான் காரணம் என்றால், முதல் படித் தாளில் அதையும் எழுதுங்கள். வந்த அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் துவைத்து மடித்த வெள்ளை வேட்டியில் வருவார்கள், துறைத் தலைவர் அறையில் உட்காரச் சொன்னால் நாற்காலியின் விளிம்பில்தான் உட்காருவார்கள். கூட ஒரு பிள்ளை நின்று, 'உள்ள தள்ளி உக்காருப்பா' என்று சொல்ல வேண்டும்.

9. கோளாறு உங்களிடம் இல்லாதபோது

இதுவரை சொன்னதை, எதையும் சகித்துக்கொள்ளச் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தன்னை ஏற்றுக்கொள்வது வேறு, தன்னை மிதிப்பதை ஏற்றுக்கொள்வது வேறு. மேலே சொன்ன ஒரு மணி நேரப் பயிற்சியை 22 அமெரிக்கக் கல்வி நிறுவனங்களில் பெரிய அளவில் செய்துபார்த்து 2023-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்த மாணவர்களைப் போன்றவர்களுக்குக் கல்லூரியே இடம் கொடுத்திருந்தால்தான் அது பலித்தது. மனதை மட்டும் சரிசெய்தால் போதாது, இடமும் சரியாக இருக்க வேண்டும் என்று அதற்கு அர்த்தம்.

சாதிப் பெயர் சொல்லிக் கிண்டல், தட்டைத் தனியாக வைப்பது, கையெழுத்துக்காக வேண்டுமென்றே அலையவிடுவது இவற்றுக்கெல்லாம் டைரி எழுதிப் பயனில்லை. தேதி, நேரம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் இருந்தவர் யார் என்று அன்றைக்கே குறித்துவையுங்கள். வாட்ஸ்அப்பில் வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். புகாரை எழுத்தில் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். 1996-ல் மருத்துவ மாணவர் நாவரசு கொலையானதை அடுத்து, 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை அதில் உண்டு. தேசிய ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 1989-ம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. தனியாகப் போகாமல், நம்பகமான ஓர் ஆசிரியரையோ சீனியரையோ கூட்டிக்கொண்டு போங்கள். 'பெருசு பண்ணாதப்பா, படிப்பைப் பாரு' என்று எங்களில் சிலரே சொல்வோம். அப்படிச் சொன்னவரை விட்டுவிட்டு அடுத்தவரிடம் போங்கள்.

10. தனியாகச் சமாளிக்க முடியாதபோது

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டுப்போவது, சாப்பாடு இறங்காமல் இருப்பது, பிடித்த எதிலும் மனம் ஒட்டாமல் இருப்பது, வகுப்புக்குப் போகாமல் போர்வைக்குள்ளேயே கிடப்பது இருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்குப் போதாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, வெளிநோயாளிச் சீட்டு போட்டுக்கொண்டு பார்க்கலாம். உங்கள் கல்லூரியில் ஆலோசகர் இருந்தால், எத்தனை மணிக்கு இருப்பார் என்று அலுவலகத்தில் கேளுங்கள்.

அரியர் வந்த அன்றோ வேறு எந்த ராத்திரியிலோ, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பக்கத்து அறைக் கதவைத் தட்டுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். சென்னையில் 1986-லிருந்து இயங்கும் சிநேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால், 'நான் காலேஜ்ல படிக்கிறேன், மனசு சரியில்ல, யார்கிட்டயாவது பேசணும்' என்று சொல்லுங்கள். மீதியை எதிர்முனையில் இருப்பவரே ஒவ்வொன்றாகக் கேட்பார்.